வேலைநிறுத்தச் செலவு யார் கணக்கில்?
பிரிட்டன் 2022–25: ஒரு வரவு–செலவு ஏடு

முதலில் அரசுக் கணக்கு. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகப் பதிவுப்படி, 2022 ஜூன் முதல் 2023 டிசம்பர் வரையிலான 19 மாதங்களில் வேலைநிறுத்தத்தால் போன வேலைநாட்கள் 50 லட்சத்துக்கும் மேல். 2022 டிசம்பரில் மட்டும் 8 லட்சத்தைத் தாண்டியது. 2011 நவம்பருக்குப் பிறகு எந்த மாதத்திலும் அவ்வளவு போனதில்லை.

கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் வேலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 3.3 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 0.15 நாள். எட்டு மணி நேர வேலைநாளில் அது சுமார் 72 நிமிடம். ஒன்றரை ஆண்டுக்கும் மேலான கொந்தளிப்பின் கணக்கு, தலைக்கு 72 நிமிடம்.

பழைய ஏடுகளோடு ஒப்பிட்டால் இன்னும் சிறுத்துப்போகும். பொது வேலைநிறுத்தம் நடந்த 1926-இல் போன வேலைநாட்கள் 16.2 கோடி. குப்பை அள்ளுவோரும் மருத்துவமனைப் பணியாளர்களும் கல்லறைத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்திய குளிர்காலம் அடங்கிய 1979-இல் 2.95 கோடி. 2022-இல் 25 லட்சம்.

அப்படியானால் இவ்வளவு அல்லல் எங்கிருந்து வந்தது? விடை, கணக்கெடுக்கும் முறையிலேயே இருக்கிறது. தகராறு நடக்கும் பணியிடத்தில் போன வேலைநாட்கள் மட்டுமே இந்தப் பதிவில் ஏறும். அதன் விளைவாக வேறிடத்தில் போன நாட்கள் ஏறாது. ரயில் ஓட்டுநர் நின்ற நாள் கணக்கில் உண்டு. ரயில் வராததால் வேலைக்குப் போக முடியாதவரின் நாள் இல்லை. ஆசிரியர் நின்ற நாள் உண்டு; பிள்ளையைப் பார்த்துக்கொள்ள லீவு போட்ட தாயின் நாள் இல்லை. அந்த இரண்டாவது பக்கத்தை, கிடைக்கும் எண்களை வைத்து இங்கே எழுதிப் பார்க்கலாம்.

ஏட்டில் எதைச் சேர்ப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனை, பள்ளி, ரயில், நகரக் குப்பை ஆகியவை உண்டு. ராயல் மெயில் அஞ்சல் ஊழியர் சுமார் 1,15,000 பேர் 2022-இல் 18 நாட்கள் நின்றார்கள். ஆனால் அந்த நிறுவனம் 2013-லேயே தனியார் கைக்குப் போய்விட்டதால் இங்கே சேர்க்கவில்லை. ரயிலில் தண்டவாளம் அரசுடையது, வண்டி ஓட்டும் கம்பெனிகளில் பெரும்பாலானவை அப்போது தனியாருடையவை. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு அவற்றின் கட்டண வசூலும் நஷ்டமும் அரசு கஜானாவையே சேர்ந்தன. சம்பள உயர்வுக்கும் அரசின் தலையசைப்பு வேண்டியிருந்தது. அதனால் ரயில் இந்த ஏட்டில் உண்டு.

ஏன் நின்றார்கள்

2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 விழுக்காடு, 41 ஆண்டுகளில் அதுவே உச்சம். 2023 மார்ச்சில் உணவுப் பொருள் விலையேற்றம் 19 விழுக்காட்டைத் தொட்டது. சராசரிக் குடும்பத்தின் மின்சார, எரிவாயுச் செலவுக்கான வரம்பு 2021 அக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுண்ட். அடுத்த அக்டோபரில் 2,500 பவுண்ட். அதுவும் அரசு தலையிட்டுக் குறைத்த பிறகு.

சம்பளம் எப்படி ஏறியது? 2022 செப்டம்பர்–நவம்பரில் தனியார் துறை ஊதியம் 7.2 விழுக்காடு உயர்ந்தபோது பொதுத்துறை ஊதியம் 3.3 விழுக்காடுதான் உயர்ந்தது. புதிதாகப் பணியில் சேரும் செவிலியருக்கு அப்போது இங்கிலாந்தில் ஆண்டுச் சம்பளம் 27,055 பவுண்ட். அதில் அந்த ஆண்டு உயர்வு 1,400 பவுண்ட். வீட்டு எரிசக்திச் செலவு மட்டுமே 1,223 பவுண்ட் கூடியிருந்தது. வரி பிடித்தம் போக மிஞ்சும் உயர்வு அந்த ஒரு பில்லுக்கே காணாது.

அப்போது 106 ஆண்டு வரலாறு கொண்டிருந்த செவிலியர் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், இங்கிலாந்தில் அதுவரை செவிலியரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்ததே இல்லை. அந்தச் சங்கம் 2022 டிசம்பர் 15-ஆம் தேதி உறுப்பினர்களை வாசலுக்கு வரச் சொன்னதற்கு இந்தக் கழித்தல் கணக்கே காரணம்.

ரயில்: 7.30 முதல் 6.30 வரை

2022 ஜூன் 21, 23, 25. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று நாட்கள். தண்டவாள நிறுவனத்திலும் 13 ரயில் கம்பெனிகளிலும் சேர்த்து சுமார் 40,000 பேர் நின்றார்கள். முப்பது ஆண்டுகளில் மிகப் பெரிய ரயில் வேலைநிறுத்தம் அது. வழக்கமான வண்டிகளில் ஐந்தில் ஒன்றே ஓடியது. பாதித் தடங்கள் திறக்கவே இல்லை. திறந்த தடங்களிலும் காலை 7.30 முதல் மாலை 6.30 வரை மட்டும்.

அந்த நேர வரம்பைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அலுவலகத்துக்கு ஒன்பதரைக்குப் போகிறவர் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரலாம். விடிகாலை ஐந்து மணிக்கு அதே அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கப் போகிறவருக்கு வண்டி இல்லை. இரவு பத்து மணிக்கு உணவகத்தில் பாத்திரம் கழுவி முடிப்பவருக்கும் இல்லை. நடுவில் ஒரு நாள் விட்டதால் மறுநாள் நிம்மதி என்றும் இல்லை. வண்டிகளும் ஆட்களும் இடம் மாறிக் கிடந்ததால் 22, 24 தேதிகளிலும் காலைச் சேவை பாதிக்கப்பட்டது. மூன்று நாள் வேலைநிறுத்தம் பயணியின் கணக்கில் ஒரு வாரம்.

இன்னொரு எண். 2022 செப்டம்பர் முதல் 2023 ஜனவரி வரை பிரிட்டனில் வேலை செய்தோரில் 16 விழுக்காட்டினர் முழுக்க வீட்டிலிருந்தும் 28 விழுக்காட்டினர் சில நாட்கள் வீட்டிலிருந்தும் வேலை பார்த்தார்கள். இந்த 44 விழுக்காட்டினருக்கு ரயில் நின்ற நாள், மடிக்கணினியைத் திறக்கிற இன்னொரு நாள். மற்றவர்களில் ரயிலை நம்பியிருந்தவர்களுக்கு அது டாக்சிச் செலவு, இல்லாவிட்டால் சம்பளப் பிடித்தம். ஊதியம் ஏற ஏற வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதியும் ஏறுகிறது என்பதால், இந்தச் சுமை கீழ்நோக்கியே சரிந்தது.

டிசம்பரில் அடி வேறு பக்கம் விழுந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக் காலத்தில் ரயில் நின்றதும் நகரத்து உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் முன்பதிவுகள் ரத்தாயின. அந்த ஒரு மாத விற்பனை இழப்பை அத்துறைச் சங்கம் 150 கோடி பவுண்ட் என மதிப்பிட்டது. முதலாளி நஷ்டத்தைக் கணக்கில் எழுதிக்கொள்வார். "இன்னைக்கு ஷிப்ட் இல்ல, வர வேண்டாம்" என்று செய்தி வந்த பரிமாறுபவர் எதில் எழுதுவார்? இத்தனை மணி நேரம் வேலை தருவேன் என்ற உறுதியே இல்லாத ஒப்பந்தத்தில் அப்போது பிரிட்டனில் வேலை பார்த்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல்.

மருத்துவமனை: 14.8 லட்சம் தேதிகள்

இந்த ஏட்டின் கனத்த பக்கம் இதுதான். 2022 டிசம்பர் 15, முதல் நாள் செவிலியர் வேலைநிறுத்தம்: இங்கிலாந்தில் சுமார் 16,000 சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் தள்ளிப்போயின. 2023 மார்ச்சில் ஜூனியர் டாக்டர்களின் 72 மணி நேர வேலைநிறுத்தம்: சுமார் 1,75,000. ஏப்ரலில் ஈஸ்டரை ஒட்டிய 96 மணி நேரம்: 1,95,000-க்கும் மேல். 2024 ஜனவரியில் ஆறு நாட்கள், பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இன் அதுவரையிலான வரலாற்றிலேயே நீளமானது: சுமார் 1,14,000. எல்லாப் பிரிவினரின் வேலைநிறுத்தங்களையும் சேர்த்து, 2024 ஜூலை தொடக்கம் வரை தள்ளிவைக்கப்பட்டவை சுமார் 14.8 லட்சம்.

இந்த எண்ணை வாசிக்கும்போது இரண்டு எச்சரிக்கை வேண்டும். ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று முறை தேதி மாறியிருக்கலாம். ஆக இது தலைக்கணக்கு ஆகாது. மறுபுறம், வேலைநிறுத்தத் தேதி முன்கூட்டியே தெரிந்ததால் பல மருத்துவமனைகள் அந்த நாட்களில் யாருக்கும் நேரமே தரவில்லை. தராத தேதியைத் தள்ளிவைத்ததாக எண்ண முடியாது. அந்த வகையில் 14.8 லட்சம் என்பது குறைவான எண்.

ஒவ்வொரு தேதி மாற்றமும் நோயாளிக்கோ, கூட வருகிறவருக்கோ அரை நாளைத்தான் தின்றது என்று வைத்துக்கொள்வோம். அதுவே 7.4 லட்சம் நாட்கள். அரசுப் பதிவில் உள்ள 50 லட்சத்தில் ஏழில் ஒரு பங்குக்குச் சமமான இது, எந்தப் பதிவிலும் ஏறவில்லை. இடுப்பெலும்பு மாற்ற வேண்டியவர் கூடுதலாக வலி மாத்திரை விழுங்கிய வாரங்களுக்கோ நாள் கணக்கு என்ற அளவுகோலே பொருந்தாது.

பழியையும் அளந்தே போட வேண்டும். காத்திருப்போர் பட்டியல் கொரோனாவுக்கு முன், 2020 பிப்ரவரியில், சுமார் 46 லட்சம். 2023 செப்டம்பரில் 77.7 லட்சம். அமைச்சர்கள் இந்த வீக்கத்துக்கு வேலைநிறுத்தத்தைக் காரணம் காட்டினார்கள். ஹெல்த் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு கணக்கிட்டபோது, 2023 ஆகஸ்ட் வரை டாக்டர்களின் வேலைநிறுத்தங்கள் பட்டியலில் நேரடியாகச் சேர்த்தது சுமார் 2,10,000 என்று வந்தது. மொத்தத்தில் 3 விழுக்காடு. மீதி 97-க்கும் வேறு கணக்கு கேட்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் கதையும் அப்படியே. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அழைப்புகளுக்கு 18 நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. 2022 டிசம்பரில் இங்கிலாந்தின் சராசரி 1 மணி 32 நிமிடம். படுக்கை ஒதுக்க முடிவான பிறகும் 12 மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தவர்கள் அந்த மாதத்தில் 54,532 பேர். அந்த 31 நாட்களில் செவிலியர் நின்றது இரண்டு நாள், ஆம்புலன்ஸ் ஊழியர் நின்றது ஒரு நாள். ஆம்புலன்ஸ் ஊழியர் நின்ற டிசம்பர் 21-க்கு முன்னதாக ஒரு சுகாதார இணையமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, அடிபட வாய்ப்புள்ள விளையாட்டுகளை அன்று தவிர்க்கப் பாருங்கள் என்றார். ராணுவத்தினர் ஆம்புலன்ஸ் ஓட்ட வந்தார்கள். மற்ற 28 நாட்களுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

பள்ளி: எட்டு நாட்களின் விலை

2023 பிப்ரவரி 1. ஆசிரியர், அரசு ஊழியர், ரயில் ஓட்டுநர், பல்கலைக்கழகப் பணியாளர் என ஐந்து லட்சம் பேர் வரை ஒரே நாளில் நின்றார்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 9.3 விழுக்காடு முழுதாக மூடப்பட்டன, 44.7 விழுக்காடு சில வகுப்புகளுக்கு மட்டும் திறந்தன. ஜூலைக்குள் ஒவ்வொரு பகுதியிலும் ஆசிரியர் சங்கம் அறிவித்த நாட்கள் மொத்தம் எட்டு.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சக் கூலியில் எட்டு மணி நேர வேலை பார்க்கும் தாய். தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளை. உதவிக்குப் பாட்டி தாத்தா பக்கத்தில் இல்லை. எட்டு நாளும் அந்த வகுப்பு நடக்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவசர விடுப்பு எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த நாளுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லவில்லை.

மார்ச் வரை 4 நாட்கள், மணிக்கு 9.50 பவுண்ட்: 304.00
ஏப்ரல் முதல் 4 நாட்கள், மணிக்கு 10.42 பவுண்ட்: 333.44
ஆக மொத்தம்: 637.44 பவுண்ட்

செவிலியரின் ஓராண்டு உயர்வான 1,400 பவுண்டில் ஏறத்தாழ பாதி. இந்தத் தாய் எந்தச் சங்கத்திலும் இல்லை, எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் அவருக்கு நாற்காலி இல்லை. வேலைநிறுத்தம் செய்பவருக்காவது உயர்வு என்ற வரவுக்கு வாய்ப்பு உண்டு. இவருக்குப் பற்று மட்டும்தான்.

குப்பை: 17,000 டன்

எடின்பரோவில் 2022 ஆகஸ்டில், உலகமே திரளும் கலைவிழாவின் நடுவே, 12 நாட்கள் குப்பை வண்டி வரவில்லை. சுற்றுலாப் பயணிகளின் கேமராக்கள் அதைப் பார்த்துக்கொண்டன. இரண்டரை ஆண்டு கழித்து பர்மிங்காமில் நடந்ததை அப்படிப் படம் எடுத்து முடிக்க முடியாது. 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நகரில் 2025 மார்ச் 11 முதல் குப்பைத் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாத முடிவில் தெருவில் கிடந்தது 17,000 டன். நகராட்சி நெருக்கடிநிலை அறிவித்தது. தலைக்கு 15 கிலோ. நால்வர் குடும்பத்துக்கு 60 கிலோ.

நகராட்சி சில இடங்களில் வண்டியை நிறுத்தி, பையைக் கொண்டுவந்து போடச் சொன்னது. கார் உள்ளவர் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனார். நாலாவது மாடியில் கார் இல்லாமல் வசிக்கும் மூதாட்டிக்கு 15 கிலோவும் வாசலிலேயே கிடந்தது, எலிகளோடு.

நின்றவர் கணக்கு

மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் ஏடு பொய் சொல்லும். வேலையை நிறுத்திய நாளுக்குச் சம்பளம் கிடையாது. முதலாண்டு ஜூனியர் டாக்டரின் அடிப்படை ஊதியம் தொடக்கத்தில் மணிக்கு 14.09 பவுண்ட். 2023 மார்ச் முதல் 2024 ஜூலை வரை 11 சுற்றுகளில் 44 நாட்கள். அத்தனையும் தன் பணி நாட்களாக இருந்து, அத்தனையிலும் நின்ற ஒருவர், எட்டு மணி நேரக் கணக்கில், அந்தத் தொடக்க விகிதத்திலேயே இழந்தது சுமார் 4,960 பவுண்ட்.

இரவுப் பணியில் அவர் இடத்தில் வேலை பார்க்க வந்த மூத்த மருத்துவர் மணிக்கு 262 பவுண்ட் வரை கேட்கலாம் என்று மருத்துவர் சங்கமே பரிந்துரைத்திருந்தது. ஒரே வார்டு, ஒரே இரவு. அடிப்படை 14-க்குப் பதில் 262. மருத்துவமனை அந்த அளவுக்குக் கொடுத்த இடங்களில், ஒருவர் நின்றதால் மிச்சமான ஒரு மணி நேரச் சம்பளம் மாற்று ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடப் போதாது.

கஜானா கணக்கு

பொதுத்துறை முழுவதற்கும் பணவீக்க அளவுக்குச் சம்பளம் கொடுத்தால் 2,800 கோடி பவுண்ட் ஆகும், குடும்பத்துக்கு 1,000 பவுண்ட் விழும் என்றது அன்றைய அரசு. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உயர்வும் அந்தத் தொகைக்குள் அடக்கம் என்பதால் உண்மையான கூடுதல் செலவு அதைவிடக் குறைவு. ஆனாலும் தயக்கம் வெறும் பிடிவாதம் அல்ல. அந்தப் பணமும் வரி கட்டுகிற அதே தாயிடமிருந்துதான் வர வேண்டும்.

கொடுக்காமல் இருந்ததால் மிஞ்சியதா? ரயில் நின்ற ஒவ்வொரு வேலைநாளும் கட்டண வசூலில் 2.5 கோடி பவுண்ட் போயிற்று என்று 2023 ஜனவரியில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னவர் அன்றைய ரயில்வே இணையமைச்சர் ஹியூ மெர்ரிமன். தகராறைத் தீர்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம் செலவாகிவிட்டது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். 2023–24 நிதியாண்டில் என்எச்எஸ் வேலைநிறுத்தங்களால் ஆன செலவு 170 கோடி பவுண்ட் என்று அடுத்து வந்த அரசு அறிவித்தது. ஜூனியர் டாக்டர்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு அந்த ஆண்டில் ஆகும் செலவாக அது சொன்ன தொகை 35 கோடி.

இரண்டும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. 170 கோடி ஒருமுறை போனது. சம்பள உயர்வு ஆண்டுதோறும் தொடரும். ஆனாலும் ஐந்தாண்டுச் சம்பள உயர்வுக்கு ஈடான பணம் ஓராண்டில், யாருக்கும் ஒரு சிகிச்சைகூடக் கூடுதலாகக் கிடைக்காமல், கரைந்துபோனது.

கடைசியில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். செவிலியருக்கு 5 விழுக்காடும் ஒருமுறைத் தொகையும்; ஆசிரியருக்கு 6.5, ஜூனியர் டாக்டர்களுக்கு இரண்டாண்டுக்குச் சராசரியாக 22.3, ரயில் ஓட்டுநர்களுக்கு மூன்றாண்டுக்குச் சுமார் 15.

ஸ்காட்லாந்து முன்கூட்டியே கொடுத்தது. 2022 நவம்பரில் சுகாதார ஊழியர்களுக்குச் சராசரி 7.5 விழுக்காடு, 2023-இல் ஜூனியர் டாக்டர்களுக்கு 12.4. அங்கே செவிலியரோ ஜூனியர் டாக்டரோ ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஸ்காட்லாந்து மருத்துவமனைகளில் வரிசை இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. வேலைநிறுத்தத்தால் நீண்ட வரிசை இல்லை. அதே ஸ்காட்லாந்து, ஆசிரியர்களோடு சீக்கிரம் முடிக்காததால் அங்கே பள்ளிகள் மூடப்பட்டன.

ஐந்தொகை

பதிவில் ஏறியது: 50 லட்சத்துக்கு மேல் வேலைநாட்கள், தலைக்கு 72 நிமிடம்.
பதிவில் ஏறாதது, நோயாளி: 14.8 லட்சம் தேதி மாற்றம். அரை நாள் வீதம் 7.4 லட்சம் நாட்கள்.
பதிவில் ஏறாதது, பெற்றோர்: மோசமான நிலையில் ஒரு வீட்டுக்கு 637.44 பவுண்ட்.
பதிவில் ஏறாதது, உணவக விற்பனை: ஒரு டிசம்பரில் 150 கோடி பவுண்ட் என மதிப்பீடு.
பதிவில் ஏறாதது, நகரவாசி: பர்மிங்காமில் தலைக்கு 15 கிலோ.
நின்றவர் இழப்பு: 44 நாளும் நின்ற முதலாண்டு டாக்டருக்குச் சுமார் 4,960 பவுண்ட்.
கஜானா இழப்பு: மருத்துவத்துறையில் ஓராண்டுக்கு 170 கோடி, ரயிலில் வேலைநாளுக்கு 2.5 கோடி.

முதல் வரியை மட்டும் பார்க்கும் அமைச்சருக்கு, இன்னும் ஒரு மாதம் இழுத்தடிப்பது லாபமாகத் தெரியும். சம்பளம் கொடுக்காத மாதம் அவர் ஏட்டில் மிச்சம். அந்த மிச்சத்தை ஈடுகட்டியவர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாதவர், பிள்ளையை விட இடமில்லாதவர், தனியார் மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவர். மூன்றும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் இருக்கும்.

பிரிட்டன் அரசு 2023 ஜூலையில் வேறு வழி பார்த்தது. வேலைநிறுத்த நாளிலும் குறைந்தபட்சச் சேவை நடந்தே தீர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் வேலைநிறுத்த நாளை அளந்தது. மற்ற 28 நாட்களில் 92 நிமிடம் காத்திருந்தவரைப் பற்றியோ, பேச்சுவார்த்தை இழுபட்ட மாதங்களைப் பற்றியோ அதில் ஒரு வரியும் இருக்கவில்லை.

வேலைநாள் இழப்பை மாதாமாதம் வெளியிடும் அலுவலகம், அதே தாளில் தள்ளிப்போன சிகிச்சைகளையும் மூடிய வகுப்புகளையும் மாற்று ஆளுக்குக் கொடுத்த கூலியையும் சேர்த்து வெளியிடலாம். புதிதாக எண்ணவும் வேண்டியதில்லை. இவற்றில் பெரும்பகுதியை அந்தந்தத் துறைகள் ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கின்றன. அந்தத் தாள் பேச்சுவார்த்தை மேசையின் இரு பக்கமும் இருந்தால், கொடுப்பதா வேண்டாமா என்பதோடு, தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் எவ்வளவு, யார் தலையில் என்பதற்கும் அமைச்சரும் சங்கத் தலைவரும் பதில் சொல்லியாக வேண்டும்.